சிறுகோட்டில் தொடங்கினால் ஆணையா?

லினக்ஸ் கணினியில் ஒரு கோப்புறையை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு உரைக்கோப்புகள், படங்கள் நிறைந்த ஓர் உட்கோப்புறை, கூடவே ‘-ஆர்’ என்று பெயர் வைத்த ஒரு வெற்றுக் கோப்பு. (கட்டளைகளில் வரும் ஆங்கில எழுத்துகளை இந்தக் கட்டுரை முழுவதும் ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன்.) கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையைத் தட்டி, பக்கத்தில் ‘எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி ஒன்றை இட்டு எண்டரை அழுத்துகிறோம். ஆர்எம்மைச் சும்மா ஏவினால் கோப்புகளை மட்டும்தான் அழிக்கும். கோப்புறையைக் கண்டால் மறுத்து ஒதுங்கிவிடும். ஆனால் இந்த முறை உட்கோப்புறையும் அதற்குள் இருந்த படங்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. எல்லாம் போனபின் மிஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று: ‘-ஆர்’ என்ற அந்த வெற்றுக் கோப்பு.

நட்சத்திரக் குறியை ஆர்எம் பார்க்கவே இல்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஷெல், அந்தக் குறியை எடுத்துவிட்டு, கோப்புறையில் உள்ள பெயர்களை அந்த இடத்தில் வரிசையாக நிரப்பி அனுப்பியது. வரிசையில் ‘-ஆர்’ என்ற பெயரும் இருந்தது. ஆர்எம்முக்கு ‘-ஆர்’ என்றால் ‘உள்ளே புகுந்து கோப்புறைகளையும் அழி’ என்று ஓர் ஆணை. கோப்பின் பெயர் ஆணையாகப் படிக்கப்பட்டது, ஆணையாகப் படிக்கப்பட்டதால் கோப்புக் கணக்கில் அது சேரவில்லை, அதனால் பிழைத்தது. குற்றவாளி யார் என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். யூனிக்ஸ் வழிவந்த கோப்பு முறைமைகள் பொதுவாகச் சாய்கோட்டையும் சுழிய பைட்டையும் தவிர எதையும் பெயரில் ஏற்கும். ஷெல் விதிப்படி விரித்தது, ஆர்எம் விதிப்படி படித்தது. மூவரும் ஒழுங்காக நடந்து விளைந்த விபத்து. கட்டளை வரியில் வரும் ஆப்ஷன்களைப் பகுப்பதை நிரலாளர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மறந்துபோகும் சில்லறை வேலையாகவே நடத்துகிறார்கள். ஆணையும் சரக்கும் ஒரே பையில் வந்து விழ, எது எது என்று ஊகிக்கிற வேலை அது. அந்த ஊகத்தைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்யும் ஸ்கிரிப்ட்டைவிட, ஊகிக்க வேண்டிய இடத்தையே குறைத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்தான் நல்லது என்பது என் வாதம்.

அந்த ஒரே பை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில், ஒரு நிரல் இன்னொரு நிரலை ஏவும் வழி மிக எளிமையானது. நிரலின் பெயரையும் சொற்களின் பட்டியல் ஒன்றையும் கர்னலிடம் கொடுத்தால், பட்டியலைப் புதிய நிரலின் நினைவகத்தில் வைத்து அதை ஓடவிடும். சி மொழியில் ‘ஆர்க்வி’, பைத்தானில் ‘சிஸ்.ஆர்க்வி’, பேஷ் ஷெல்லில் டாலர் குறியும் ஓர் எண்ணும்: எல்லாம் அதே பட்டியல்தான். அதில் உள்ளவை வெறும் எழுத்துச் சரங்கள். இது கோப்பு, இது எண், இது ஆணை என்ற குறிப்பு எதுவும் கூட வருவதில்லை. மேற்கோள் குறிக்குள் வைத்தால் காப்பு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மேற்கோள் குறி ஷெல்லுக்கு மட்டுமான செய்தி. இடைவெளி உள்ள பெயரை வெட்டாதே, நட்சத்திரத்தை விரிக்காதே என்று ஷெல்லிடம் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. நிரலுக்குப் போகும் முன்பே உரிந்துவிடுகிறது. மேற்கோளோடு ‘-ஆர்’ என்று எழுதினாலும் மேற்கோள் இல்லாமல் எழுதினாலும் ஆர்எம்முக்கு வந்து சேர்வது ஒரே சரம். சிறுகோடு முன்னால் நின்றால் ஆணை என்பது கர்னலுக்கும் தெரியாது, ஷெல்லுக்கும் தெரியாது. யூனிக்ஸுக்கு முன்னோடியான மல்டிக்ஸிலும் இருந்த பழக்கம் அது. 1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளைக்குச் சிறுகோடிட்ட ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள் உண்டு. விநாடிக்குப் பத்து எழுத்து அச்சடிக்கும் டெலிடைப் கருவியின் முன் உட்கார்ந்தவர்களுக்கு ஒற்றை எழுத்துக்கு மேல் தட்ட மனம் வராததில் வியப்பில்லை.

பெயர்களை அடுக்கினால் மட்டும் பொருள் வந்துவிடாது என்பது தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்காது. ‘தாய் தேடிய குழந்தை’ என்றால் தேடியது யார்? தாய் குழந்தையைத் தேடினாளா, குழந்தை தாயைத் தேடியதா? இத்தகைய இடத்துக்குத் தொல்காப்பியம் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பெயரே வைத்திருக்கிறது. ‘தாயை’ என்று ஓர் ஐ உருபு வந்துவிட்டால் தடுமாற்றம் தீர்ந்தது. சொற்களை முன்பின்னாகப் போட்டாலும் யார் யாரைத் தேடினார் என்பது மாறாது. கட்டளை வரியிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளைக்கு இரண்டு பெயர்களைக் கொடுத்தால் முதலாவது மூலம், இரண்டாவது சேருமிடம். இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. குனு சிபியில் ‘-டி’ என்ற ஆப்ஷனோடு சேருமிடத்தைச் சொன்னாலோ, அது வரியில் எங்கே வந்தாலும் சேருமிடமே. ஆப்ஷன்தான் கட்டளை வரியின் வேற்றுமை உருபு. இணைப்புக் கோப்பு உண்டாக்கும் ‘எல்என்’ கட்டளையில் எந்தப் பெயர் முதலில் வரும் என்று பழகியவர்களும் திணறுவதற்குக் காரணம், அங்கே உருபு தொக்கி நிற்கிறது. ஆனால் தமிழ் உருபுக்கு இருக்கும் ஒரு வசதி கட்டளை வரியின் உருபுக்கு இல்லை. ‘ஐ’ தான் சார்ந்த பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். இதுவோ பெரும்பாலும் தனிச் சொல்லாக நின்று, பெயரைப் போலவே தோற்றம் காட்டுகிறது. பெயரும் சில வேளை உருபைப் போலத் தோன்றிவிடுகிறது.

சேர்த்தெழுதும் பழக்கம் வந்ததும் முடிச்சு இன்னும் இறுகுகிறது. ஒற்றை எழுத்து ஆப்ஷன்களைத் தனித்தனியே தட்டாமல் ஒரே கோட்டின் பின்னால் அடுக்கலாம் என்பது யூனிக்ஸ் மரபு. ஒரு கற்பனை நிரலுக்கு ‘-கதப’ என்று வருவதாக வைத்துக்கொள்வோம். க, த, ப என்ற மூன்று சுவிட்சுகளாக இருக்கலாம். க மதிப்புக் கேட்கும் ஆப்ஷன் என்றால் ‘தப’ அதன் மதிப்பு. க வெறும் சுவிட்ச், த மதிப்புக் கேட்பது என்றால் ‘ப’ மட்டும் மதிப்பு. ப மதிப்புக் கேட்பதாக இருந்தால் அடுத்த சொல்லும் சேர்ந்து விழுங்கப்படும், அது கோப்பின் பெயராக இருந்தாலும் சரி. ஜாவாவும் ஜிசிசியும் போகிற வழியில் போனால் ‘கதப’ என்பதே ஒரே நீண்ட ஆப்ஷனின் பெயர். ஐந்து வாசிப்புகள், ஐந்தும் எங்கோ ஓரிடத்தில் நடைமுறையில் உள்ளவை. நன்னூல் இத்தகைய சொல்லைப் பொதுமொழி என்னும்: ‘தாமரை’ பிரியாமல் நின்றால் பூ, ‘தா’ என்றும் ‘மரை’ என்றும் பிரிந்தால் தாவுகிற மான். நாம் சூழலை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். நிரலுக்குச் சூழல் கிடையாது. முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணை ஒன்றுதான் அதற்கு உண்டு. எந்த எழுத்து மதிப்புக் கேட்கும், எது கேட்காது என்று தெரிந்த பின்புதான் வரியைப் பகுக்கவே முடியும். அந்த அட்டவணை நிரலுக்குள் இருக்கிறது. வெளியே நிற்கும் எவருக்கும், ஷெல்லுக்கும்கூட, வரியின் பொருள் தெரியாது.

அட்டவணை எழுதும் முறையைப் பொதுவாக்கியது ‘கெட்ஆப்ட்’. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் 3 யூனிக்ஸோடு வெளியே வந்த இந்தச் சிறு செயற்கூறு, 1985-இல் டாலஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் பொதுவுடைமையாக வழங்கப்பட்டது. நிரலாளர் தன் ஆப்ஷன் எழுத்துகளை ஒரே சரமாக எழுதித் தருகிறார். மதிப்புக் கேட்கும் எழுத்துக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி. ‘கத:ப’ என்று எழுதினால் க, ப இரண்டும் சுவிட்சுகள், த மட்டும் மதிப்புக் கேட்பது. முன்சொன்ன ஐந்து வாசிப்புகளில் நான்கு அந்த ஒரே புள்ளியில் அடிபட்டுப் போகின்றன. இத்தனை சிக்கனமான இலக்கண நூல் கணினியியலில் அரிது. அதோடு, இரண்டு சிறுகோடுகள் மட்டும் தனித்து வந்தால் ஆப்ஷன்கள் முடிந்தன, அப்புறம் வருவதெல்லாம் சரக்கு என்ற வழக்கமும் நிலைபெற்றது. தொடக்கத்தில் சொன்ன விபத்தில் நட்சத்திரக் குறிக்கு முன்னால் ‘--’ நின்றிருந்தால் படங்கள் தப்பியிருக்கும். நட்சத்திரத்தோடு ‘./’ என்று ஒட்டியிருந்தாலும் தப்பியிருக்கும், ஏனென்றால் அப்போது எந்தப் பெயரும் சிறுகோட்டில் தொடங்காது. (எடுத்துக்காட்டில் தமிழ் எழுத்தை வைத்தது விளக்க வசதிக்காக. உண்மையான கெட்ஆப்ட்டில் இது ஓடாது: அது பைட் பைட்டாகப் பார்க்கும், யூடிஎஃப்-8 முறையில் ‘க’ ஒன்றே மூன்று பைட். பைத்தானின் ஆர்க்பார்ஸ் தொகுதி யூனிகோடு குறிகளாகப் பார்ப்பதால் அங்கே ‘-க’ செல்லும். ஆனால் ‘-கா’ என்று தட்டினால், கவும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள் என்பதால், மதிப்புக் கேட்கும் க-வுக்குத் துணைக்கால் மதிப்பாகப் போய்ச் சேரும். ஆறாவது வாசிப்பு!)

குனு திட்டம் இந்த மரபை இரண்டு பக்கம் நீட்டியது. ஒன்று, இரட்டைச் சிறுகோட்டோடு முழுச் சொல்லாக வரும் ஆப்ஷன்கள்: ‘--ஹெல்ப்’, ‘--வெர்ஷன்’, ‘--அவுட்புட்=கோப்பு’. சமக்குறி போட்டு மதிப்பை ஒட்டவைக்கும் கடைசி வடிவத்தில்தான் உருபு பெயரோடு சேர்கிறது. மதிப்பு எந்த எழுத்தில் தொடங்கினாலும் குழப்பமில்லை. இதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. மற்றொன்று வரிசை மாற்றம். போசிக்ஸ் தரநிலையின் வழிகாட்டுதலில் ஆப்ஷன்கள் எல்லாம் சரக்குக்கு முன்னால் வர வேண்டும். முதல் சரக்கைக் கண்டதும் தேடல் நின்றுவிட வேண்டும். குனுவின் கெட்ஆப்ட் நிற்பதில்லை. கடைசிச் சொல் வரை துழாவி, சிறுகோடிட்டவற்றை முன்னால் இழுத்துக்கொள்ளும். கோப்பின் பெயரைத் தட்டிய பிறகு ஓர் ஆப்ஷன் நினைவுக்கு வந்தால் வரியின் வாலில் ஒட்டிவிடலாம். பயனருக்கு இவ்வளவு வசதியானதை ஏன் குறை கூற வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். விரலால் தட்டும் மனிதருக்கு மட்டுமே கட்டளை வரி என்றால் நானும் ஒத்துக்கொண்டுவிடுவேன். ஆனால் ஸ்கிரிப்ட்டும் அதே வாசலில்தான் நுழைகிறது. அங்கே பெயர்கள் மாறிகளிலிருந்தும் நட்சத்திரக் குறியிலிருந்தும் வருகின்றன. முதல் இடத்தில் இருந்த ஆபத்து வரியின் கடைசி வரை பரவுகிறது. வேறொரு நிரலை ஏவுவதையே தொழிலாகக் கொண்ட நிரல்களிலோ இந்த வசதி அப்படியே முறிந்துவிடுகிறது. ‘சுடோ எல்எஸ் -எல்’ என்று தட்டினால் அந்த ‘-எல்’ எல்எஸ்ஸுக்கு உரியது. சுடோவுக்கும் ‘-எல்’ என்று சொந்த ஆப்ஷன் ஒன்று உண்டு. வரியின் கடைசி வரை துழாவினால் பிறர் பொருளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டதாகிவிடும். இதற்காக இலக்கணச் சரத்தின் தொடக்கத்தில் கூட்டல் குறி போட்டால் வரிசை மாற்றம் நின்றுவிடும் என்று குனுவே விலக்கு வைத்திருக்கிறது.

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களில் பலர் இந்தக் கருவி எதையும் தொடுவதில்லை. ஒரு ‘வைல்’ சுற்று, உள்ளே ஒரு ‘கேஸ்’, சொல்லைப் பார்த்ததும் ஒரு ‘ஷிஃப்ட்’. பத்து வரியில் வேலை முடிந்தது. இவ்வளவு சிறிய காரியத்துக்கு நூலகம் எதற்கு என்பார்கள். ஒழுங்காக வரும் வரியை இந்தச் சுற்று ஒழுங்காகவே படிக்கும் என்பது உண்மை. ஒழுங்கற்று வரும் வரியில்தான் பகுப்பானுக்குச் சோதனை. மதிப்புக் கேட்கும் ஆப்ஷன் ஒன்று மதிப்பே இல்லாமல் வரியின் கடைசியில் நின்றால் என்னாகும்? ஆப்ஷனையும் மதிப்பையும் சேர்த்துத் தள்ள ‘ஷிஃப்ட் 2’ என்று எழுதியிருப்பார்கள். மீதி ஒரு சொல் மட்டுமே இருக்கும்போது பேஷ் அந்த ஆணையை நிறைவேற்றாது, எதையும் தள்ளாமல் தோல்வி என்று மட்டும் திருப்பிச் சொல்லும். சுற்று அதே சொல்லை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டு முடிவில்லாமல் ஓடும். இன்னொன்று எழுத்துப்பிழை. ஒத்திகை மட்டும் பார் என்று பொருள்படும் ‘--ட்ரை-ரன்’ என்பதை ‘--ட்ரை-ரம்’ என்று ஒருவர் தட்டிவிட்டார். கையால் எழுதிய சுற்றுகள் பலவற்றில் ‘வேறெதுவானாலும் கோப்பு’ என்று ஒரு கிளை இருக்கும். அந்தச் சொல் அங்கே போய் விழ, ஒத்திகை பார்க்கச் சொன்ன அழிப்பு வேலை உண்மையாகவே நடந்து முடியும். ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் ‘கெட்ஆப்ட்ஸ்’ நீண்ட ஆப்ஷன்களை அறியாது, அழகற்றது, ஆனால் தெரியாத ஆப்ஷனைத் தெரியாது என்று சொல்லும். அதுவே ஒரு பிழைதிருத்தமாகப் பிறந்ததுதான். அதற்கு முந்தைய கெட்ஆப்ட் கட்டளை, பகுத்த வரிசையை மறுபடியும் ஒரே உரையாக அச்சிட்டு ஷெல்லிடம் தந்தது. ஷெல் அதை மீண்டும் வெட்டியபோது இடைவெளி உள்ள கோப்புப் பெயர்கள் துண்டாயின. கெட்ஆப்ட்ஸ் ஒவ்வோர் ஆப்ஷனாக மாறியில் வைத்துத் தருகிறது. இரண்டாம் வெட்டு இல்லை.

சரி, நல்ல நூலகம் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் ஊகம் ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. பைத்தானைப் பாருங்கள். அதன் நிலையான நூலகத்தில் இந்த ஒரே வேலைக்கு மூன்று தொகுதிகள் இருக்கின்றன: சி மரபைத் தழுவிய கெட்ஆப்ட், 2003-இல் 2.3 பதிப்போடு வந்த ஆப்ட்பார்ஸ், 2010-இல் 2.7 பதிப்போடு சேர்ந்த ஆர்க்பார்ஸ். ‘-ஓ’ மதிப்புக் கேட்கும் ஆப்ஷன், ‘-எக்ஸ்’ ஒரு சுவிட்ச். வரியில் ‘-ஓ -எக்ஸ்’ என்று வருகிறது. முதல் இரண்டு தொகுதிகளும் ‘-ஓ மதிப்புக் கேட்டது, அடுத்து வந்தது -எக்ஸ், அதுவே மதிப்பு’ என்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டும். ஆர்க்பார்ஸோ ‘மதிப்பு வரவில்லை’ என்று பிழை காட்டி நிற்கும். ஒரே மொழி, ஒரே வரி, இரண்டு தீர்ப்பு. ஆர்க்பார்ஸின் உள்வேலை சுவையானது. முதலில் வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, ஆப்ஷன் போலத் தோன்றினால் ‘ஓ’ என்றும், சரக்குப் போலத் தோன்றினால் ‘ஏ’ என்றும் ஓர் எழுத்தாகச் சுருக்கி, முழு வரியையும் அந்த எழுத்துகளாலான ஒரு சரமாக்கிக்கொள்கிறது. பிறகு எந்த ஆப்ஷனுக்கு எத்தனை ‘ஏ’ சேரும் என்பதை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பொருத்திப் பார்க்கிறது. தீர்ப்பெல்லாம் அந்த முதல் சுருக்கத்தில், ‘போலத் தோன்றினால்’ என்ற இடத்தில் நடந்துவிடுகிறது. வெப்பநிலையை வாங்கும் ஸ்கிரிப்ட்டுக்கு ‘-5’ என்று கொடுத்தால் அது ஆப்ஷனா, எண்ணா? எண்ணைப் போன்ற ஆப்ஷன் எதுவும் அட்டவணையில் இல்லாதவரை எண் என்று ஆர்க்பார்ஸ் முடிவு செய்யும். நாளை யாரேனும் ‘-1’ என்று ஓர் ஆப்ஷனைச் சேர்த்தால், அதோடு தொடர்பே இல்லாத ‘-5’ ஆப்ஷனாக மாறிவிடும். சுருக்கெழுத்தும் இப்படித்தான். நீண்ட ஆப்ஷனின் தொடக்கம் தனித்துவமாக இருந்தால் மீதியைத் தட்ட வேண்டாம் என்பது குனுவிடமிருந்து வந்த சலுகை. ‘--வெர்போஸ்’ மட்டும் இருந்தவரை ‘--வெர்ப்’ போதும். ‘--வெர்பாட்டிம்’ சேர்ந்த அன்று பழைய ஸ்கிரிப்ட்டுகள் முறியும். இதை அணைத்துவைக்க 3.5 பதிப்பில் ஒரு வழி தந்தார்கள். புதிதாக எழுதும் எவரும் அதை முதல் வேலையாக அணைத்துவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் தன் கணினியில் தானே தட்டுபவரின் தலைவலி, மிஞ்சினால் சில கோப்புகள் போகும் என்று ஒதுக்கலாமா? 2012-இல் பிஎச்பி மொழியின் சிஜிஐ வடிவத்தில் வெளிப்பட்ட ஓட்டை அதற்கு விடை சொல்கிறது. வலை முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியில் சமக்குறி இல்லையென்றால், அதைச் சொற்களாக வெட்டி நிரலின் கட்டளை வரியில் தரலாம் என்பது சிஜிஐ நெறியின் பழைய விதி. எனவே உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் முகவரியின் வாலில் ‘?-எஸ்’ என்று சேர்த்தால், பிஎச்பி அதைத் தன் ஆப்ஷனாகப் படித்துப் பக்கத்தின் மூல நிரலையே காட்டிவிட்டது. வேறு ஆப்ஷன்களைக் கொண்டு தாக்குபவரின் நிரலையே அங்கே ஓட்டவும் முடிந்தது. சிறுகோட்டில் தொடங்குவதைத் தடுத்து ஓட்டையை அடைத்தார்கள். 2024-இல் அதே ஓட்டை விண்டோஸில் மறுபடி திறந்துகொண்டது. சீன, ஜப்பானிய மொழி அமைப்புகளில் இயங்கும் விண்டோஸ், தனக்குப் பொருந்தாத எழுத்துகளை அவற்றை ஒத்த எழுத்துகளாக மாற்றித் தரும். அதில் ‘மென்கோடு’ எனப்படும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி சாதாரணச் சிறுகோடாக மாறியது. காவலாளி பார்த்தபோது அது சிறுகோடு இல்லை, உள்ளே நுழைந்தபின் சிறுகோடு. இடையில் 2017-இல் கிட், மெர்குரியல், சப்வெர்ஷன் ஆகிய மூன்று பதிப்பு மேலாண்மைக் கருவிகளிலும் ஒரே வகை ஓட்டை ஒரே சமயத்தில் அம்பலமானது. களஞ்சியத்தின் முகவரியில் கணினியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘-ஓபிராக்ஸிகமாண்ட்=’ என்று தொடங்கும் சரத்தை வைத்தால், அதைக் கணினிப் பெயர் என்று நம்பி அவை எஸ்எஸ்எச் நிரலிடம் கொடுத்தன; எஸ்எஸ்எச் அதை ஆப்ஷன் என்று படித்து, சமக்குறிக்குப் பின்னால் இருந்த கட்டளையை ஓட்டியது. மூன்று தனித்தனிக் குழுக்கள் ஒரே குழியில் விழுந்ததைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட முடியாது. கொடுப்பவர் சரக்கு என்று கொடுத்ததை வாங்குபவர் ஆணையாக வாங்கினார். அந்தப் பட்டியலில் சரக்கு என்று முத்திரை குத்தி அனுப்ப வழியே கிடையாது.

அப்படியானால் அந்தப் பட்டியலையே மாற்றிவிடுவதுதானே என்பது வலுவான மறுப்பு. மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் விஎம்எஸ் முறைமையில் கட்டளையின் இலக்கணத்தை முன்கூட்டியே கட்டளைப் பொறியிடம் பதிவு செய்யலாம். பகுக்கும் வேலை நிரலுக்கு வெளியே, ஒரே இடத்தில், ஒரே முறையில் நடந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பவர்ஷெல்லும் தன் சொந்தக் கட்டளைகளுக்கு இதையே செய்கிறது: ஒவ்வொரு மதிப்பின் பெயரும் வகையும் ஷெல்லுக்கே தெரியும், மாறியில் உள்ள சரம் தற்செயலாக ஆப்ஷனாகிவிடாது. விலை என்னவென்றால், அந்த உலகத்துக்கு வெளியே கால் வைத்தவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. சாதாரண நிரல் ஒன்றை பவர்ஷெல்லிலிருந்து ஏவும்போது மேற்கோள் குறிகள் சிதைவது நெடுங்கால முறையீடு. ‘இதற்கு மேல் எதையும் பொருள்படுத்தாதே’ என்று சொல்ல அங்கேயும் ‘--%’ என்று இரண்டு சிறுகோடுகளில் ஒரு குறி தேவைப்பட்டது. யூனிக்ஸின் வெறும் சரப்பட்டியல் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்பதற்குக் காரணம், அது யாரிடமும் பதிவு கேட்கவில்லை. அன்று இல்லாத பைத்தானும் ரூபியும் ரஸ்ட்டும் அனுமதி வாங்காமலே அந்த வாசலில் நுழைய முடிந்தது. ஊகத்தைச் சகித்துக்கொள்வது அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுக்கும் வாடகை. ஒரு வேடிக்கை: வட்டுகளை நகலெடுக்கும் ‘டிடி’ கட்டளையில் சிறுகோடே வராது; ஒவ்வொரு மதிப்பும் ‘ஐஎஃப்=’, ‘ஓஎஃப்=’ என்று பெயரோடு ஒட்டியே வர வேண்டும். பழைய ஐபிஎம் பெருங்கணினிகளின் ஜேசிஎல் நடையில் எழுதப்பட்ட அந்த இலக்கணத்தை யூனிக்ஸ்காரர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். ஆனால் ஒரு கோப்பின் பெயர் ஆணையாகத் திரியும் விபத்து அங்கே நடக்கவே முடியாது.

ஸ்கிரிப்ட் எழுதுபவர் கையில் மிஞ்சுவது இதுதான்: மாறியிலிருந்து வரும் பெயரை இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும்போது முன்னால் ‘--’ இடுவது, முடிந்த இடத்திலெல்லாம் சமக்குறியால் ஒட்டுவது, தேடும் சொல் சிறுகோட்டில் தொடங்கலாம் என்றால் ‘கிரெப்’ கட்டளைக்கு ‘-இ’ என்ற ஆப்ஷன் வழியாகவே கொடுப்பது. எதை அச்சிடப் போகிறோம் என்று தெரியாத இடத்தில் ‘எக்கோ’வைத் தொடாமல் ‘பிரிண்ட்எஃப்’ பயன்படுத்துவது, ஏனென்றால் மாறியில் ‘-என்’ என்ற சரம் இருந்தால் எக்கோ பல கணினிகளில் எதையும் அச்சிடாமல் மௌனமாகிவிடும். ‘--’ இட்டுத் தடுக்கலாம் என்றால் அதையும் அச்சிட்டு வைக்கும். இந்த ஒழுங்கு எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிட் கருவியில் ‘--’ என்பது ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது: அதற்கு முன்னால் வருவது பதிப்புகளின் பெயர், பின்னால் வருவது கோப்புகளின் பெயர். பதிப்பின் பெயர் என்று வெளியிலிருந்து வந்த சரம் சிறுகோட்டில் தொடங்கினால் தடுக்க வழியில்லாமல் இருந்தது. 2019 நவம்பரில் வந்த 2.24 பதிப்பில் ‘--எண்ட்-ஆஃப்-ஆப்ஷன்ஸ்’ என்று, முடிந்தது என்பதைச் சொல்வதற்கென்றே இன்னோர் ஆப்ஷனைச் சேர்த்தார்கள். கிளைகளுக்கு இன்னொரு காவலும் இருக்கிறது. சிறுகோட்டில் தொடங்கும் பெயரில் ஒரு கிளையை உண்டாக்கச் சொன்னால், அது செல்லாத பெயர் என்று சொல்லி கிட் மறுத்துவிடுகிறது.